தின்னருக்கும் போகாத சிவப்பு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். போனில் பேசினால் வெடுக்கென்று வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் கீழே வைத்தாலும் மீதி அங்கேயே கிடக்குமே, அதனால்தான் எழுதுகிறேன்.

நீ வந்திருந்த பத்து நாளும் நான் பேத்தியைத் தூக்கவே இல்லை. நீ நீட்டியபோதெல்லாம் பட்டறை வேலை, கை அழுக்கு என்று சொல்லி நழுவினேன். ஞாயிற்றுக்கிழமையும் கை அழுக்கா என்று கேட்டாயே, அது இன்னும் காதில் நிற்கிறது. பெண் குழந்தை என்பதால்தான் தொடவில்லை என்று நீ அழுததாக அம்மா சொன்னாள். அடக் கடவுளே! உன்னைத் தோளை விட்டு இறக்காமல் வளர்த்தவன் நான்.

நடந்தது இதுதான். நீ வருவதற்கு ஒரு மாதம் முன்பு பட்டறையில் ஒரு காருக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தேன். அன்று குளிக்கும்போது பார்த்தால் நெஞ்சிலும் கையிலும் கடுகு கடுகாகச் சிவப்புப் புள்ளிகள். தெறித்த பெயின்ட்தானே என்று பெயின்ட் கரைக்கிற தின்னரில் துணியை நனைத்துத் தேய்த்தேன். போகவில்லை. விடுவேனா, ஒரு வாரம் விடாமல் தேய்த்தேன். தோல் உரிந்து எரிந்தது, புள்ளி அசையவில்லை. பெயின்ட் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. ஏதோ தொற்று வியாதி என்று நானே முடிவு கட்டி, யாரிடமும் மூச்சு விடாமல், துண்டைத் தனியாக வைத்துக்கொண்டேன்.

நீ போன மறுவாரம் மறுபடியும் தேய்த்துப் பார்த்தேன்; அந்தத் துண்டில் தின்னர் வாடை அடித்து அம்மாவிடம் மாட்டிக்கொண்டேன். வண்டி வண்டியாகத் திட்டித் தோல் டாக்டரிடம் இழுத்துப் போனாள். அவர் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, இது நோயே இல்லைங்க, தோல்ல இருக்கிற பொடி ரத்தக்குழாய்ங்க பெருத்து மச்சம் மாதிரி தெரியுது, வயசானா நிறைய பேருக்கு வரும், யாருக்கும் ஒட்டாது என்றார். திடீரென்று பெரிதானாலோ, நிறம் மாறினாலோ, ரத்தம் கசிந்தாலோ காட்டச் சொன்னார். சட்டைக் கையை மடித்துத் தமக்கிருந்த இரண்டு புள்ளிகளையும் காட்டினார். எரிந்த தோலுக்கு மட்டும் களிம்பு கொடுத்தார். உடம்பு என்ன கார் கதவாய்யா என்று அவர் கேட்டதை அம்மா தெரு முழுக்கச் சொல்லியாயிற்று.

சிரித்தால் சிரிக்கட்டும். அந்தப் பத்து நாளும் பேத்தி தூங்கும்போது கதவோரம் நின்றுதான் பார்த்தேன். ஒருமுறை தூக்கத்தில் சிரித்தாள். கிட்டே போகப் பயமாக இருந்தது.

தோல் ஆறிவிட்டது. உனக்கு லீவு கிடைக்காவிட்டால் சொல், நாங்கள் வருகிறோம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். கை சுத்தமாகத்தான் இருக்கிறது. அவளை ஒரு தடவை என்னிடம் கொடும்மா.

உன் அப்பா