எனக்கென்று விட்ட அரைப் பக்கம்

சங்கரன்கோவில்,
ஆவணி 9, திங்கட்கிழமை.

அன்புள்ள மகன் மகாராஜாவுக்கு,

உன் அப்பா சங்கரசுப்பு தன் கையாலேயே எழுதுவது. இதற்கு முன் என் பெயரில் உனக்கு வந்த கடிதங்கள் எல்லாம் நான் சொல்லச் சொல்ல வேறு யாரோ எழுதியவை. இதை யாரும் எழுதித் தரவில்லை. நான்கு நாளாக எழுதுகிறேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான் ஓடுகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நானும் உன் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி. கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கூட்டத்துக்குள் போக முடியாமல் தெற்கு ரத வீதி முனையிலேயே நின்று கும்பிட்டுவிட்டு வந்தாள். மழை இல்லை. எதிர்வீட்டுத் தறிகள் இரண்டு வாரமாக ஓடவில்லை. தெருவில் சத்தம் இல்லாததால் எனக்குப் படிக்க வசதியாக இருக்கிறது.

ஆமாம், படிக்கிறேன். எழுபத்தொரு வயதில் முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். மாசி மாதம் பஸ் ஸ்டாண்டில் நின்று ‘புளியங்குடி’ என்று நானாகவே வாசித்தேன். நாற்பது வருஷமாக யாரையாவது கேட்டுக் கேட்டு ஏறிய பஸ். அன்றைக்கு அங்கே போகிற வேலை எதுவும் இல்லை. போர்டை வாசிக்கத்தான் நின்றேன். அந்த பஸ் போனதும் அடுத்த பஸ்ஸுக்கும் நின்றேன்.

இப்போது தினமும் கிளை நூலகத்துக்குப் போகிறேன். அங்கே வாசகர் கருத்து நோட்டு என்று பெரிய நோட்டு ஒன்று இருக்கிறது. பக்கத்தில் ஒரு பென்சிலைச் சணல் கயிற்றால் மேஜைக் காலில் கட்டியிருக்கிறார்கள். புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பவர் அதில் இரண்டு வரியாவது எழுத வேண்டும். எழுதாவிட்டால் நூலகர் ஷாஹின் பானு அடுத்த புத்தகம் தர மாட்டார். ‘நல்லா இருந்துச்சுன்னு மட்டும் எழுதாதீங்க அண்ணாச்சி, டீயைப் பத்தியும் அப்படித்தான் சொல்லுதோம்’ என்று முதல் நாளே என்னிடம் சொன்னார்.

புத்தகத்தை விட அந்த நோட்டைப் படிக்கத்தான் எனக்கு ஆசை அதிகம். எலுமிச்சை சாகுபடி பற்றிய புத்தகத்துக்குப் புளியங்குடிக்காரர் ஒருவர், ‘எழுதியவர் எலுமிச்சையை ஊறுகாயில் மட்டும் பார்த்தவர்’ என்று எழுதியிருந்தார். சர்க்கரை நோய்க்காரர்களுக்கான சமையல் புத்தகத்துக்கு, நம் தெரு முனையில் இருக்கிற ஓய்வு பெற்ற சர்வேயர் ரிஸ்வான் அகமது, ‘இதைச் சாப்பிட்டால் நோயாளி நூறு வருஷம் இருப்பார், ஆனால் ஏன் இருக்கிறோம் என்று யோசித்துக்கொண்டே இருப்பார்’ என்று எழுதியிருந்தார். ஒரு துப்பறியும் நாவலில் கடைசி எட்டுப் பக்கம் கிழிந்துவிட்டது. ஆளாளுக்கு ஒரு கொலைகாரனை எழுதி வைத்திருந்தார்கள். முக்கால்வாசிப் பேர் சமையல்காரன் என்றார்கள். நான் எழுதினேன்: ‘அந்த வீட்டில் பதினாலு பேருக்கு மூன்று வேளை சமைக்கிறவன் அவன். கொலை செய்ய அவனுக்கு ஏது நேரம்?’ இதை எழுத ஒரு மணி நேரம் ஆனது. மறுநாள் அதற்குக் கீழே யாரோ ‘சரியான கருத்து’ என்று எழுதியிருந்தார்கள். அம்மாவிடம் அதை மூன்று தடவை சொன்னேன்.

ஒரு ராஜாவின் சரித்திரமும் படித்தேன். அவர் உடுத்திய பட்டைப் பற்றி அரைப் பக்கம் இருக்கிறது, நெய்தவன் பெயர் இல்லை என்று எழுதிவிட்டு வந்தேன்.

இதெல்லாம் சந்தோஷமான சங்கதி. இனி வருவதை எழுத மட்டும் இரண்டு நாள் ஆனது.

வைகாசி கடைசியில் அந்த நோட்டின் பழைய பக்கங்களைப் பின்னாலிருந்து புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தின் தலைப்பில் உன் பெயர் இருந்தது. உன் புத்தகத்துக்குப் பதினோரு பேர் கருத்து எழுதியிருந்தார்கள். சந்தோஷத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எழுத்துக் கூட்டி வாசித்தேன். ஒரு கல்லூரி மாணவி: ‘அக்காவின் கடிதங்களைக் கேட்டுவிட்டு எழுந்து போகும் அப்பாவை என்னால் மன்னிக்க முடியவில்லை.’ ஒரு ஆசிரியர்: ‘கல் மனதை இவ்வளவு நிதானமாக எழுதியிருப்பது பாராட்டத்தக்கது.’ பெயர் போடாத ஒருவர்: ‘இந்த மனிதர் இன்னும் நம் ஊரில்தான் நடமாடுகிறார்.’ ரிஸ்வான் அகமது: ‘நடை நன்று. ஆனால் அந்த அப்பாவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை.’

ஷாஹின் பானு ஓடி வந்து பக்கத்தின் மேல் கையை வைத்தார். ‘அது பழசு அண்ணாச்சி, எழுத்தெல்லாம் கிறுக்கலா கெடக்கும், விடுங்க’ என்றார். கிறுக்கல் ஒன்றும் இல்லை. பதினோரு பேருக்கும் அழகான கையெழுத்து.

இரண்டு வருஷத்துக்கு முன் நீ அனுப்பிய அந்தப் புத்தகத்தை நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? அம்மா அதைக் கோமதியம்மன் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, அட்டையில் உன் படத்தின் நெற்றியில் சந்தனம் வைத்தாள். நான் மைசூர்பாகு வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்தேன். ‘எம் மவன் எங்களைப் பத்தி எழுதியிருக்கான்’ என்று வீடு வீடாகச் சொல்லிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு சிலர் என்னிடம் பேச்சைக் குறைத்தார்கள். பொறாமை என்று அம்மாவிடம் சொன்னேன். ரிஸ்வான் அகமதுவை இப்போது கேட்டேன். ‘நீர் மைசூர்பாகு தந்த அடுத்த வாரமே புக்கைப் படிச்சேன் வே. தின்னது கசந்துபோச்சு. படிக்கத் தெரியாத மனுசன்கிட்ட அதை எப்படிச் சொல்ல?’ என்றார்.

சாமி படத்தின் பக்கத்திலிருந்து எடுத்து, பத்தொன்பது நாளில் உன் புத்தகத்தைப் படித்து முடித்தேன். அறுபத்து நாலாம் பக்கம் எனக்கு மனப்பாடம். ‘அக்காவின் கடிதம் ஒவ்வொன்றையும் நான்தான் அப்பாவுக்கு வாசித்தேன். அப்பா முழுவதும் கேட்டார். பிறகு ஒன்றும் சொல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு தறிக்குப் போனார்.’

நான் கேட்டது எனக்கு நினைவு இருக்கிறது. ‘நான் நல்லா இருக்கேன். இங்கே குளிர் அதிகம். அத்தை பிரியமா இருக்காங்க. பொங்கலுக்கு வாரோம்.’ இதைத்தானே வாசித்தாய்? இதைக் கேட்டுவிட்டு ஒருவன் தறிக்குப் போகாமல் வேறு என்ன செய்வான்?

தகரப் பெட்டியைத் திறந்தேன். கட்டிக்கொடுத்த ஊரான சோமனூரிலிருந்து உன் அக்கா தங்கத்தாய் எழுதிய இன்லேண்ட் கடிதங்கள் நாலும் இருந்தன. இருபத்தைந்து வருஷமாக நான் தொட்டுத் தடவி வைத்திருந்த கடிதங்கள். குளிர் என்று அவற்றில் ஒரு வார்த்தை இல்லை. ‘அப்பா, இங்க அடிக்காங்க. சோத்தைப் பூட்டி வைக்காங்க. ஒரு தடவை வந்து என்னைக் கூட்டிட்டுப் போங்க. நான் தறி ஓட்டிப் பொழைச்சுக்கிடுதேன்.’ முதல் கடிதத்தில் இப்படி; உன் புத்தகத்திலும் இதே வரிகள்தான். இரண்டாவதில், ‘ஏன் வரல அப்பா?’ மூன்றாவதிலும் அதே கேள்வி. நாலாவது கடிதம் மார்கழியில் வந்தது. தை மாதம் அவள் உடம்பைத்தான் கொண்டுவந்தோம். காய்ச்சல் என்று அவர்கள் சொன்னதை நானும் அம்மாவும் நம்பினோம். சுகமாக வாழ்ந்த பிள்ளையைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது என்றுதான் அம்மா இன்றைக்கும் சொல்லி அழுகிறாள்.

அந்த வருஷம் நீ பன்னிரண்டாம் வகுப்பு. கோயம்புத்தூர் கல்லூரியில் உனக்கு இடம் வாங்கித் தருவதாக மாப்பிள்ளை சொல்லியிருந்தார். நான் போய்ச் சண்டை போட்டால் அது கெட்டுவிடும் என்று நினைத்திருப்பாய். உனக்குப் பதினேழு வயது. அந்த வயதில் பயந்ததை நான் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் அறுபத்து நாலாம் பக்கத்தை நீ நாற்பது வயதில் எழுதியிருக்கிறாய். இந்த வீட்டில் யாராலும் அதைப் படிக்க முடியாது என்ற தைரியத்தில் எழுதியிருக்கிறாய்.

இன்னொன்றும் நடந்தது. நான் பெட்டியைத் திறந்ததை அம்மா பார்த்துவிட்டாள். ‘இப்பத்தான் உங்களுக்கே படிக்கத் தெரியுதுல்லா, எம் பிள்ளை கடுதாசியை வாசிங்க, அவ குரலைக் கேட்ட மாதிரி இருக்கும்’ என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கடிதத்தைப் பிரித்துக் கண்ணுக்கு நேரே பிடித்தேன். ‘நான் நல்லா இருக்கேன். இங்கே குளிர் அதிகம்’ என்று வாசித்தேன். அத்தை பிரியமாக இருப்பதையும் வாசித்தேன். அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘மகாராஜா வாசிச்ச மாதிரியே இருக்கு’ என்றாள். நான் படிக்கக் கற்றுக்கொண்டது இதற்குத்தான் பயன்பட்டது.

வருகிற புரட்டாசி முதல் ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் உன் புத்தகத்துக்குக் கூட்டம் வைத்திருக்கிறார்கள். நீ வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறாய் என்று ஷாஹின் பானு சொன்னார். நோட்டில் உள்ள கருத்துகளை எல்லாம் உனக்கு முன்னால் உரக்க வாசிப்பார்களாம். அம்மா முன் வரிசையில் உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டாள். ‘எம் புள்ளையைப் பத்தி ஊரு என்ன சொல்லுதுன்னு கேக்கணும்’ என்கிறாள். பச்சைக் கரைச் சேலையை இப்போதே தேய்க்கக் கொடுத்திருக்கிறாள். வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். காரணம் கேட்டாள். அவள் முழங்கால் வலியைச் சொல்லிவிட்டு நூலகத்துக்குக் கிளம்பிவிட்டேன்.

பதினோரு பேர் எழுதியதற்குக் கீழே என் பெயரை எழுதி, அரைப் பக்கம் எனக்கென்று விட்டு வைத்திருக்கிறார் ஷாஹின் பானு. ‘நீங்களும் எழுதுங்க அண்ணாச்சி, அதையும் வாசிச்சிருவோம்’ என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தினமும் போய் அந்தப் பக்கத்தைப் பிரித்து வைத்து உட்காருகிறேன். பென்சிலைச் சீவி வைத்திருக்கிறேன். இதுவரை ஒரு எழுத்தும் எழுதவில்லை.

நீ சனிக்கிழமையே வந்துவிடு. கூட்டத்தில் ஊரார் வாயிலிருந்து அம்மா இதைக் கேட்கக் கூடாது. நாலு கடிதத்தையும் எடுத்து வைத்திருப்பேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து உள்ளதை உள்ளபடி வாசி. ஒரு தடவை முயன்று பார்த்தேன், என்னால் முடியவில்லை. நீ என்னை விட நன்றாக வாசிப்பவன். நாலாவது கடிதத்தின் கடைசி வரி எனக்கு எழுதியது அல்ல. அது உனக்கு எழுதியது. ‘தம்பி, இதையாவது அப்பாவுக்கு முழுசா வாசிச்சுக் காட்டு ராசா.’ உனக்கும் நினைவிருக்கும்.

உன் கண்ணுக்கும் குரலுக்கும் ஒரு குறையும் வராமல் கோமதியம்மன் காப்பாளாக.

உன் அப்பா,
சங்கரசுப்பு
(கையெழுத்துதான், கைநாட்டு இல்லை.)