காற்றுப் புகாத வீடு

ஃப்ரைபுர்க், ஜனவரி

என் அன்பே,

உன் அக்கா வீட்டில் நன்றாகத் தூங்குகிறாயாம். தலைவலிகூட இல்லையாம், அவள்தான் சொன்னாள்.

எரிசக்தியை மிச்சப்படுத்தும் வீடு என்று நம் வீட்டுக்கு விருது வந்த அன்று உன்னைத் திட்டினேன். பனிக்காலக் காலையிலும் பத்து நிமிடம் ஜன்னலைத் திறந்துவைக்கிறாய், சூடெல்லாம் வீணாகிறது என்று. அடுத்த வாரமே படுக்கையறைக்குத் திறக்கவே முடியாத கண்ணாடி போட்டேன். குழாய் வழியே சுத்தமான காற்று வருகிறதே என்று அளவுகளைக் காட்டினேன்.

"வீடு நல்லாத்தான் மூச்சு விடுது. எனக்குத்தான் மூச்சு முட்டுது" என்றாய்.

திங்களன்று அந்தக் கண்ணாடியைக் கழற்ற தச்சர் ஓட்மாரை வரவழைத்தேன். "நீங்களே மாட்டிட்டு நீங்களே கழட்டச் சொல்றீங்க! விருதைத் திருப்பிக் கேக்கப் போறாங்க, பாருங்க" என்று சிரித்தார்.

"கேக்கட்டும்" என்றேன்.

இன்று காலை புது ஜன்னலைத் திறந்தேன். பனித்தூள் மெல்ல மிதந்து வந்து உன் தலையணையில் உட்கார்ந்தது. கூடவே எங்கிருந்தோ ரொட்டி சுடும் வாசனை, தேவாலய மணியோசை. அந்த அறைக்குள் ஊர் நுழைந்து எத்தனை நாளாயிற்று! பத்து நிமிடம் கழிந்தும் மூட மனம் வரவில்லை.

ஜன்னலின் கைப்பிடியை நீ படுக்கும் பக்கம் வைக்கச் சொன்னேன். படுத்தபடி என் கைக்கு அது எட்டாது.

குளிரில் நடுங்கியபடி,
உன் பிடிவாதக்காரன்