அறிவிப்பு இல்லாமலே கிளம்பும் பேருந்துகள்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூவரும் சௌக்கியம். நீயும் சௌக்கியம் என்றுதான் சொல்லுவாய், அதில் பாதியைத்தான் நான் நம்புவேன். போனை எடுப்பதில்லை, செய்திக்கு ஒற்றை வரியில் பதில், இப்போது தபால்தலை ஒட்டிக் கடிதமா, இவளுக்கு என்ன பைத்தியமா என்று நினைப்பாய். செய்தியாக அனுப்பினால் தையல்கூடத்தின் நடுவில் நின்றபடி படிப்பாய், அடுத்த நிமிடம் இருபது கேள்வி வந்து விழும். கடிதத்துக்குள் நீ குறுக்கே புகுந்து பேச முடியாது பார், அதற்காகத்தான்.

முதலில் கெட்டதைச் சொல்லிவிடுகிறேன். "தொண்டை கட்டியிருக்கு, அதான் பேச மாட்டேங்குறா" என்று என் வீட்டுக்காரர் உன்னிடம் சொன்னது முழு உண்மையில்லை. நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன், அவரைத் திட்டாதே. குரல் நாணில் ஒரு கட்டி இருக்கிறது. மிளகு அளவுதான். அதில் கொஞ்சம் கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். சாதாரணக் கட்டி என்றால் பேச்சு திரும்பிவிடும். வேறு மாதிரி என்றால் பெரிய ஆபரேஷன், குரல் போய்விடும் என்று டாக்டரம்மா ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். முடிவு வெள்ளிக்கிழமை வருகிறது. அதுவரை வாயே திறக்கக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாதாம். "உங்களால முடியுமா?" என்று என்னைக் கேட்டார். பக்கத்தில் என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்ற அழகை நீ பார்த்திருக்க வேண்டும்.

முதல் சில நாள் நரகம். என்னைத்தான் உனக்குத் தெரியுமே. கண் விழித்ததிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாயா, அடுப்பை அணைத்தாயா, கதவைப் பூட்டினாயா என்று ஓயாமல் ஓடும் வாய். பேச முடியாததால் கையைத் தட்டினேன், கரண்டியால் தட்டில் தட்டினேன், கண்ணை உருட்டினேன். "அம்மா, உன் கண்ணே கத்துது" என்றாள் மகள். அதற்குமேல் எனக்கே அலுத்துப்போய் விட்டுவிட்டேன். அன்றைக்கு அவள் ஒரு காலில் வெள்ளை, ஒரு காலில் சாம்பல் சாக்ஸோடு பள்ளிக்கூடம் போனாள், போன மாதிரியே சிரித்துக்கொண்டு திரும்பியும் வந்தாள். ஒரு குடியும் முழுகிவிடவில்லை.

இன்னொன்று சொல்கிறேன், சிரிக்காதே. என் வீட்டுக்காரர் சமைக்கும்போது பாடுவார் அக்கா! கேரட்டைத் தோல் சீவிக்கொண்டே மெல்லிய குரலில், வார்த்தையில்லாமல், அவ்வளவு அழகாகப் பாடுகிறார். எப்போதிலிருந்து என்று எழுதிக் கேட்டேன். கல்யாணமான நாளிலிருந்தே பாடுகிறாராம். சமையலறை வாசலில் வாயடைத்துப்போய் நின்றேன். ஏற்கெனவே அடைத்த வாய்தான், இருந்தாலும்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது பேருந்து நிலையத்தைப் பற்றி. என் அறிவிப்பு அறையை நீ பார்த்ததில்லை. ஜன்னலே கிடையாது. ஒரு மைக், ஒரு திரை, ஒரு கடிகாரம். "மூன்றாவது நடைமேடையிலிருந்து புறப்படும்" என்று இத்தனை வருடமாகச் சொல்கிறேன். வேலை நேரத்தில் ஒரு பேருந்து கிளம்பி நான் பார்த்ததில்லை. ஊர்ப் பேரை மாற்றிச் சொல்லிவிட்டேனோ, யாராவது வண்டியைத் தவறவிட்டிருப்பார்களோ என்று வீட்டுக்கு வந்த பிறகும் நினைத்துக்கொண்டே இருப்பேன். அதைத்தானே தினமும் உன்னிடம் போனில் புலம்புவேன்.

என் இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை, மைக்கை அணைத்தே வைத்திருக்கிறோம் என்று மேனேஜர் செய்தி அனுப்பினார். எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அங்கே ஒரே களேபரமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஓடினேன். மூன்றாவது நடைமேடைக்கு எதிரே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு வண்டி மூன்றுக்கு வராமல் நேராக ஏழுக்குப் போய் நின்றது. என் கை தானாக மைக் சுவிட்சைத் தேடுகிறது! கூட்டமோ மூன்றிலேயே நிற்கிறது.

ஏழில் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து, "இங்க வந்துடுச்சு பாருங்க" என்று பெட்டி வைத்திருந்த ஒருவரிடம் சொன்னார். அவர் திரும்பி ஒரு குடும்பத்தைக் கூப்பிட்டார். அந்தக் குடும்பத்தின் பெரியவர், தூங்கிக்கொண்டிருந்த ஒருத்தியின் தோளைத் தட்டினார். அவள் குழந்தையை யாரோ வாங்கிக்கொண்டார்கள், பையை வேறு யாரோ தூக்கினார்கள். கீழே கொட்டிய தண்ணீர் சரிவைப் பார்த்து ஓடுமே, அப்படி மொத்தக் கூட்டமும் ஏழுக்கு நகர்ந்தது. யாரும் கத்தவில்லை. ஒரு பையன் மட்டும் தவறவிட்டான். உதட்டைப் பிதுக்கினான், டீ வாங்கினான், அடுத்த வண்டிக்கு உட்கார்ந்துவிட்டான். நான் இத்தனை காலம் நடுங்கியது இதற்குத்தான்.

முதலில் சுருக்கென்றுதான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அப்போ நான் எதற்கு என்று தோன்றியது. பிறகு அந்த வண்டி பின்வாங்கி, வளைந்து, வாசலைத் தாண்டி வெளிச்சத்துக்குள் போனதைப் பார்த்தேன். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எத்தனை பேர், எத்தனை முகம், எல்லோரும் எங்கேயோ போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கிறார்கள்! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மேனேஜர் பார்த்துவிட்டு, "லீவுல இருக்கறவங்க இங்க என்ன பண்றீங்க?" என்றார். வண்டியைச் சுட்டிக் காட்டினேன். அவரும் எட்டிப் பார்த்தார், வெறும் வண்டிதான் தெரிந்தது போல, தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். இப்போது தினமும் ரொட்டியைக் கட்டிக்கொண்டு போய் அந்தப் பெஞ்சில் உட்காருகிறேன்.

நேற்று ஒரு பயணி அந்தப் பெருக்கும் அம்மாவிடம், "இங்க ஒரு அம்மா பேசுவாங்களே, எங்க காணோம்? அவங்க குரலைக் கேட்டாத்தான் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும்" என்று கேட்டார். நான் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிறேன். நான்தான் அது என்று சொல்ல வாயில்லை. வழி காட்ட என் குரல் வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் அதைத் தேட ஆள் இருக்கிறது. நேற்று முழுக்க அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன், அழுதேன்.

பயமே இல்லை என்று புளுக மாட்டேன். பல் தேய்க்கும்போது திடீரென்று பயம் வந்து பிரஷ் பாதியில் நின்றுவிடும். அப்புறம் போய்விடுகிறது.

உன் விஷயத்துக்கு வருகிறேன். பிரஷர் மாத்திரையை ஒன்றிலிருந்து இரண்டாக்கிவிட்டார்கள் என்று எனக்குத் தெரியும், யார் சொன்னது என்று கேட்காதே. இந்த ஆர்டர் முடியட்டும், அந்த ஆர்டர் முடியட்டும் என்று எத்தனை வருடமாக வராமல் இருக்கிறாய்? நீ இல்லாமல் தையல்கூடம் நாலு நாள் ஓடாது என்கிறாய். ஓடும் அக்கா. நாலு சட்டைக்குப் பொத்தான் காஜா கோணலாக இருக்கும், அவ்வளவுதான்.

இது உன் கைக்கு வரும்போது வெள்ளிக்கிழமை போயிருக்கும். நீ படிக்கும்போது வந்துவிட்டிருக்கும் முடிவு, எழுதுகிற எனக்கு இன்னும் தெரியாது. இங்கே இப்போது செவ்வாய்க்கிழமை மத்தியானம். சாப்பிட்டாயிற்று. எதிர் மாடியில் யாரோ போர்வையை உதறுகிறார்கள், தூசி வெயிலில் பொன்னாகப் பறக்கிறது. எனக்கு இதுவே போதும் போல இருக்கிறது, நிஜமாக.

முடிவு நல்லபடியாக வந்தால் நான் பழையபடி கத்த ஆரம்பித்துவிடுவேன். கெட்டதாக வந்தால் பயந்து சுருண்டுவிடுவேன். எப்படியும் இந்த மத்தியானம் எனக்கு மறந்துவிடும். அதனால் நீ கிளம்பி வா. பார்த்துக்கொள்ள வர வேண்டாம், பண்டம் பாத்திரம் எதுவும் கட்டிக்கொண்டு வர வேண்டாம். இந்தக் கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, வாய்விட்டு எனக்குப் படித்துக் காட்டு. போனில் உன் குரல் எது என் குரல் எது என்று அம்மாவே ஏமாந்துபோவாளே. நீ படித்தால் நானே பேசுகிற மாதிரி இருக்கும்.

நீ நன்றாகத் தூங்க வேண்டும், நெடுநாள் இருக்க வேண்டும்.

உன் வருகைக்காகக் காத்திருக்கும்
தங்கை