மயக்க ஊசியும் மரத்துப்போகும் ஊசியும்

என் செல்ல அக்காவுக்கு,

ஓரிடத்தில் உட்கார்ந்து எழுத முடியவில்லை. நாலு வரி எழுதுவதற்குள் இரண்டு தடவை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். நீ போனதிலிருந்தே இப்படித்தான். என் பல் கிளினிக்கில் நிற்கும்போது மட்டும் நிதானமாக வேலை பார்த்தேன். இன்று காலையோடு அதுவும் போயிற்று.

கண்டனூரிலிருந்து ஒரு ஆசாரி வந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். கீழ்த்தாடையின் கடைசிப் பல் எலும்புக்குள் படுத்துக் கிடக்கிறது, ஈறைக் கீறித்தான் எடுக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு தடவை நாற்காலி வரை வந்து ஓடிப்போனவர். கன்ன வீக்கம் மாத்திரையில் இப்போதுதான் வடிந்திருக்கிறது. இன்னொரு முறை சீழ் பிடித்தால் கழுத்துக்கு இறங்கிவிடும்.

நான் ஊசியை எடுத்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். “மயக்க ஊசியா தாயி? முழிச்சிருவேன்ல?”

நம் ஊரில் பல்லுக்குப் போடுகிற ஊசிக்கும் அதுதானே பெயர்? அவசரத்தில் நானே அப்படிச் சொல்லித் தொலைக்கிறேன். அந்த இடம் மட்டும் மரத்துப்போகும், ஆள் விழித்துக்கொண்டுதான் இருப்பார் என்று எத்தனையோ பேருக்குச் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். இன்று உன் குரல்தான் காதில் கேட்டது. கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு உன்னைத் தள்ளிக்கொண்டு போனபோது நீயும் இதையேதான் கேட்டாய். “முழிச்சிருவேன்லடி?”

“பல்லுப் புடுங்க வர்ற சின்னப் பிள்ளைககூட இப்படிப் பயப்படாதுக. பேசாமப் படு” என்று உன்னிடம் சொன்னேன். நீ முழிக்கவே இல்லை.

கையுறையைக் கழற்றிவிட்டு, அவர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். “என்னண்ணே பயம்? செத்துப்போயிருவோம்னா?”

“அட, அது இல்ல தாயி. சொன்னாச் சிரிப்பீக.” வெளியே உட்கார்ந்திருந்த மனைவியை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “மயக்கத்துல என்னத்தையாச்சும் உளறிப்புட்டேன்னா? வீட்டுக்காரிக்குத் தெரியாத விசயம் ரெண்டு மூணு இருக்குல்ல.”

சிரித்துவிட்டேன் அக்கா. அப்புறம் மரத்துப்போகிற ஊசியைப் பற்றி முழுதாக எடுத்துச் சொன்னேன். “உதடு கொஞ்சம் கோணும். ரகசியம் வெளியே வராது.”

“அப்பப் போடுங்க” என்று வாயைத் திறந்தார். முக்கால் மணி நேரத்தில் பல் வெளியே வந்துவிட்டது. பஞ்சைக் கடித்துக்கொண்டு மனைவியோடு நல்ல பிள்ளையாக நடந்து போனார்.

அவர் போனதிலிருந்து கிளினிக்கிலும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவருக்குச் சாவு பயம் என்று நானாக முடிவு கட்டியிருந்தேனே, உன் விஷயத்திலும் அதைத்தானே செய்தேன்? உனக்கு என்ன பயமாக இருந்தது? பிள்ளைகளை நினைத்தாயா? என்னிடம் சொல்ல ஏதாவது வைத்திருந்தாயா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பாய். நமக்கு ஒரு நிமிஷம் இருந்தது. அதில் நான் கேலி பேசினேன்.

இனி யார் பயம் என்று சொன்னாலும், என்ன பயம் என்று கேட்காமல் ஊசியைத் தொட மாட்டேன். வெளியே எத்தனை பேர் காத்திருந்தாலும் சரி, பதில் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

உன்னிடம் மட்டும் கேட்காமல் விட்ட,
உன் தங்கச்சி
வள்ளி