காலியாக இருந்த கட்டம்

மார்ச் 4

சினைப்பைப் புற்றுநோய் வந்தும் பத்து வருடம் தாண்டி வாழ்பவர்கள் யார், எதனால் வாழ்கிறார்கள்? மருத்துவமனையில் எங்கள் பிரிவின் ஆய்வு இதுதான். வயது, நோயின் நிலை, அறுவை சிகிச்சைக்குப் பின் கட்டி மிச்சமிருந்ததா, மருந்துக்கு உடம்பு கேட்டதா என்று கோப்பைப் பார்த்துக் கணினியில் ஏற்றுவது என் வேலை. இதில் மிச்சம் என்ற கட்டம் முக்கியமானது. ஒன்றும் மிச்சமில்லை என்றால் அந்தப் பத்து வருடத்துக்கு வாய்ப்பு அதிகம்.

இன்று அக்காவின் கோப்பு வந்தது. சொந்தக்காரர் கோப்பைத் தொடக்கூடாது என்பது விதி. தொட்டேன். மிச்சம், காலி! பெரிய டாக்டர் எதுவும் மிச்சமில்லை என்றால் அந்தக் கட்டத்தை எழுதாமல் விட்டுவிடுவார். நாங்களும் வருடக்கணக்காக அதைப் பூஜ்யம் என்றே ஏற்றுகிறோம்.

அவசரக்குடுக்கை, நேராக அவள் வீட்டுக்கு ஓடினேன். டாக்டர் பேசினால் காதைப் பொத்திக்கொள்கிறவள் என் அக்கா. எல்லாம் நான் கேட்டுச் சொல்ல வேண்டும். டாக்டரைப் பார்க்க இன்னும் மூன்று வாரம் இருந்தது. “ஒண்ணும் மிச்சமில்லக்கா. சுத்தமா எடுத்துட்டாங்க.” அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு மகளைக் கூப்பிட்டு, “பாப்பா, அம்மாவுக்குச் சரியாயிடுச்சு” என்றாள். பாப்பாவுக்கு எட்டு வயது. அப்பா என்றோ போய்விட்டார். அவளுக்கு நாங்கள் இரண்டு பேர்தான்.

மார்ச் 6

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலைக்குத் திரும்பப் போகிறாளாம். “இன்னும் எத்தனை பேர் என்னைச் சுவத்துல மோத வைக்கணுமோ!” சிரித்தாள். எவ்வளவு நாளாயிற்று.

மார்ச் 19

பிரிவுத் தலைவி எல்லோரையும் அழைத்தார். “புது டாக்டர், மிச்சத்தை அளக்க முடியலன்னா கட்டத்தைக் காலியா விட்டுட்டுப் பின்பக்கம் எழுதுறாராம். இனிமே திருப்பிப் பாருங்கம்மா.”

அக்காவுக்கு அறுவை சிகிச்சை செய்தது புது டாக்டர்தான்.

அவள் கோப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். குடலோடு ஒட்டிய கட்டிகளை எடுக்க முடியவில்லை. தெளிவான கையெழுத்து. ஒரு தாளைத் திருப்பக்கூட எனக்குக் கை இல்லையா?

மார்ச் 20

சொல்லவில்லை.

மார்ச் 23

சொல்லிவிட்டேன். பாப்பா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“உன்னை யாருடி கேட்டா? நீ சொன்னத நம்பித்தானே குழந்தைகிட்ட சொன்னேன். இப்ப எந்த வாயால மாத்திச் சொல்றது?”

எழுந்து செருப்பை மாட்டினேன். வாசல்வரை வந்து கதவைச் சாத்தினாள். என் அக்கா என் முகத்தில் கதவைச் சாத்தினாள்.

ஏப்ரல் 5

போன் எடுப்பதில்லை. பதின்மூன்று நாள்.

கட்டி மிச்சமிருந்தும் பத்து வருடம் தாண்டியவர்கள் உண்டா என்று பட்டியலைத் துழாவினேன். ஏழு பேர். ஒரு தையல்காரம்மாவுக்கு இது பதினான்காவது வருடம். நலம் விசாரிக்கும் சாக்கில் கூப்பிட்டு, எப்படி என்று கேட்டேன். “எனக்கென்னம்மா தெரியும்? காலையில கண்ணு முழிக்குது, எந்திரிக்கிறேன்” என்றார். போனை வைத்துவிட்டுக் கழிப்பறையில் போய் அழுதேன்.

ஏப்ரல் 11

அக்காவே கூப்பிட்டாள். தையல்காரம்மா கதையைத் தொடங்கினேன். “நிறுத்து. யார் எத்தனை வருஷம் இருந்தாங்கன்னு எனக்கு வேண்டாம். நீ வந்து பக்கத்துல உக்காரு, போதும்.”

போனேன். பாப்பாவிடம் அவளே சொல்லிவிட்டாளாம். என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 17

மருந்துக்கு உடம்பு கேட்கவில்லை. இந்த முறை அக்கா காதைப் பொத்தவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை கேட்டாள்.

பிப்ரவரி 11

வேலைக்குத் திரும்பி மூன்றாவது நாள். பக்கத்து மேசைக்காரி, “அந்தக் கோப்ப நான் ஏத்திடறேன், குடுங்க” என்றாள். விதியும் அதுதான். கொடுத்தேன். அவள் ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் பார்த்து ஏற்றினாள். வயது நாற்பத்தொன்று. நிலை மூன்று. மிச்சம், உண்டு. வாழ்ந்த மாதங்கள், பதின்மூன்று. நான் எதிரிலேயே நின்றேன்.

நாலு மணிக்குக் கிளம்ப அனுமதி வாங்கியிருக்கிறேன். பாப்பாவுக்கு எங்கள் தெருப் பேருந்து இன்னும் பழகவில்லை.