மூன்று வளையம் போட்ட காம்பு

மாமா,

முந்தாநாள் காலையில் உங்கள் மகன் வந்தான். தோளில் உப்பு மூட்டை, கையில் உங்கள் கைத்தடி. மூட்டையை வாசற்படிக்கு வெளியே இறக்கினான். வருஷா வருஷம் நீங்கள் இறக்கிய அதே இடம். நீங்கள் போய்ச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. இந்த அறுப்புக்கு உப்பு வராது என்று நினைத்திருந்தேன். நினைத்திருந்தேன் என்பது பொய், வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

"அப்பா கடசியா சொன்னாருங்க மாமா," என்றான். நான் உங்களைக் கூப்பிட்ட அதே சொல்லால்தான் அவன் என்னைக் கூப்பிடுகிறான். "இது உங்க வூட்டு மம்ட்டிக் காம்பாமே? திருப்பிக் குடுத்துடுன்னாரு. உங்க காம்பு எப்டி எங்கப்பா கைக்கு வந்துது?"

"நான்தான் குடுத்தேன்," என்றேன்.

"இத்தினி வருசம் பத்திரமா வெச்சிருந்தாரு பாருங்க," என்று சிரித்தான். மோர் வாங்கிக் குடித்தான். உப்பளத்தில் ஆள் காத்திருக்கிறார்கள் என்று பதினோரு மணி பஸ்சுக்கே திரும்பிவிட்டான். தடி கதவோரமாகச் சாய்ந்து நின்றது. கருவேல மரம், பிடிக்கும் இடம் உங்கள் உள்ளங்கை பட்டுக் கறுத்து வழவழவென்று ஆகியிருந்தது. அடியில் எங்கள் அப்பா பழுக்கக் காய்ச்சின கம்பியால் சுட்ட மூன்று வளையம் அப்படியே இருந்தது. எங்கள் வீட்டு ஏர், மண்வெட்டி, கடப்பாரை எல்லாவற்றிலும் அந்த மூன்று வளையம் உண்டு. அண்ணன் தம்பிகள் அத்தனை பேரும் நெட்டை என்பதால் எங்கள் காம்பும் ஊரார் காம்பைவிட ஒரு முழம் நீளம். அதனால்தான் அது உங்களுக்குக் கைத்தடியாக ஆயிற்று.

எழுபதுகளில் எங்கள் வீடு இருந்த இருப்பு உங்களுக்குத் தெரியாததில்லை. ஒரே உலை, இருபத்தாறு வாய். அப்பா, ஆறு பிள்ளைகள், அண்ணிகள், அவர்கள் பெற்றவை. நடுவில் பெண் என்று அக்கா ஒருத்திதான். பிரம்மதேசத்து வீட்டிலிருந்து கிழக்கே வெகுதூரம் வந்தால் எங்கள் ஏழு காணி, அது முடியும் இடத்தில் பெரிய கரை, கரைக்கு அந்தண்டை பள்ளத்தில் உங்கள் உப்பளம். அறுப்பு வந்துவிட்டால் எங்கள் வீட்டில் யாரும் யாரோடும் நேராகப் பேச மாட்டோம். அரிவாளைத் தீட்டவில்லை என்றால் முதுகில் ஒன்று விழும். கூழ் வரத் தாமதமானால் சட்டி பறக்கும். அண்ணிகள் வரப்பிலேயே முடியைப் பிடித்துக்கொண்டு உருளுவார்கள். அப்பாவின் கையில் மாட்டுச் சாட்டை இருக்கும், அது மாட்டுக்கு மட்டும் என்று யாரும் நினைத்ததில்லை. அடி வாங்கினவன் அரை மணியில் அடித்தவனோடு உட்கார்ந்து ஒரே தட்டில் கருவாட்டைப் பிய்ப்பான். உலகத்தில் எல்லா வீடும் இப்படித்தான் என்று நான் நம்பியிருந்தேன்.

அக்காவைக் கட்டிக்கொண்டு நீங்கள் வந்த பிறகு அறுப்புக்கு ஒரு புது முறை சேர்ந்தது. புது நெல் வீட்டுக்குள் போகும் முன் உப்பு உள்ளே போக வேண்டும் என்பது முன்பே இருந்த வழக்கம். மரக்காணத்து அளக்காரருக்குப் பெண் கொடுத்துவிட்டோம், இனிமேல் அந்த உப்பு மருமகன் கையால்தான் வர வேண்டும் என்று அப்பா சேர்த்துக்கொண்டார். நீங்களும் மூட்டையோடு வந்து மூன்று நாள் தங்கி எங்களோடு அறுப்பீர்கள். அறுப்பீர்கள் என்பதும் மரியாதைக்குச் சொல்வதுதான். "உப்பு வார்ற கைக்கு அருவா எங்க நிக்கும்?" என்று அண்ணிகள் கிண்டல் செய்ய, நீங்கள் கோணல் மாணலாகக் கட்டின கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு களம்வரை ஆடிக்கொண்டே போவீர்கள். அந்த வீட்டில் என்னைக் கை நீட்டி அடிக்காத ஒரே ஆம்பிளை நீங்கள். என்னைச் சின்னவனே என்பீர்கள். இருபத்திரண்டு வயசு ஆனவனுக்கு அது கூச்சமாகவும் இருக்கும், பிடித்தும் இருக்கும்.

அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. ஏழு காணியும் அறுத்துப் போட்டு நெல்தாள் பிடி பிடியாக, அரி அரியாகக் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு ராத்திரி மழையில் வயல் ஏரியாகி, விடிந்து பார்த்தால் அரியெல்லாம் மிதந்தது. கரைக்கு அந்தண்டை உங்கள் உப்பு ஆள் உயரத்துக்கு இரண்டு அம்பாரம், பனையோலை போர்த்தி நின்றது. லாரி வர இரண்டு நாள் இருந்தது. கரையை வெட்டினால் எங்கள் தண்ணீர் உங்கள் அளத்தில் இறங்கும். நெல் பிழைக்கும், உப்பு கரையும். இதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நாங்கள் ஏழு பேரும் மண்வெட்டியோடு போனபோது நீங்கள் முன்பே வந்து கரைமேல் நின்றிருந்தீர்கள், தனியாக, கையில் ஒன்றுமில்லாமல்.

"ஒரே ஒரு நாள் பொறுங்க," என்றீர்கள். "வாய்க்கா வழியா தானா வடிஞ்சிடும். தை மாசத்துலேந்து வாரினது. அவ வேற ஏழு மாசமா இருக்குறா."

"உப்பு அடுத்த வருசமும் வெளையும்," என்றார் அப்பா. "நவுரு."

அதுவரை உங்களிடம் 'ங்க' போடாமல் அவர் பேசியதில்லை. பெரியண்ணன் கரையில் முதல் வெட்டு வெட்டினான். நீங்கள் அவன் வாயில் குத்தினீர்கள். இரண்டு பல் போயிற்று, சட்டையெல்லாம் ரத்தம். அதற்குப் பிறகு யார் யாரை அடித்தோம் என்று கணக்கில்லை. ஐந்து பேர் உங்கள்மேல் விழுந்தார்கள். நீங்கள் லேசில் விழவில்லை, மாமா. ஒருத்தனை அளத்துப் பக்கம் தூக்கிப் போட்டீர்கள், ஒருத்தன் கையைக் கடித்துச் சதையைப் பிய்த்தீர்கள். அப்பா கரையின்மேல் நின்றுகொண்டு, "உடாத, உடாத," என்று எருது விரட்டுகிற குரலில் கத்திக்கொண்டிருந்தார்.

நான் மண்வெட்டியை ஓங்கினேன். ஈரத்தில் ஆப்பு தளர்ந்து இரும்பு இலை கழன்று சேற்றில் போய் விழுந்தது. அது கழன்றது எனக்குத் தெரியும். கை லேசானதும் தெரியும். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். வெறும் காம்பால் உங்கள் வலது முழங்காலில் போட்டேன். கரும்பைத் தொடையில் வைத்து ஒடிக்கிற சத்தம் கேட்டது. நீங்கள் உட்கார்ந்த மாதிரி விழுந்தீர்கள். நிமிர்ந்து பார்த்தீர்கள். அடித்தது யார் என்று அப்போதுதான் தெரிந்தது உங்களுக்கு.

"ஏன்டா சின்னவனே," என்றீர்கள்.

அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை. அதனால் மறுபடியும் அடித்தேன். அதே காலில், அதே இடத்தில், விழுந்து கிடந்த மனுஷனை. முதல் அடியைச் சண்டையில் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டாவது அடியைப் பற்றி நேற்றுவரை நான் யாரிடமும் வாய் திறந்ததில்லை. காம்பைப் போட்டுவிட்டு ஓடினேன். எனக்குப் பின்னால் கரை உடைந்து தண்ணீர் இரைந்துகொண்டு இறங்கியது. மத்தியானத்துக்குள் இரண்டு அம்பாரமும் குட்டையாகி, ஓலை மட்டும் தண்ணீரில் மிதந்தது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் நீங்கள் வண்டியிலிருந்து விழுந்ததாகச் சொன்னீர்கள் என்று கேள்விப்பட்டோம். அப்பா அதைக் கேட்டு, "மாப்ள மாப்ளதான்," என்று பெருமைப்பட்டார். அப்போது அவரைக் கொன்றுபோடலாம் போல இருந்தது எனக்கு.

பிறகு நடந்ததை அக்கா உங்களிடம் சொல்லியிருப்பாள். ஆனாலும் எங்கள் பக்கமிருந்து சொல்கிறேன். நெல் பிழைத்தது. நடுவில் கிடைத்த வெயிலில் போரடித்துக் களத்தில் குவித்தோம். அதற்கப்புறம் அப்பா கயிற்றுக் கட்டிலைக் களத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டார். "மருமவன் வூட்டு உப்பு வர்ட்டும். அப்புறம் உள்ள எடுக்கலாம்," என்றார். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. உங்கள் வீட்டிலிருந்து உப்பு வரும் என்று அந்த மனுஷன் நிஜமாகவே நம்பினார். அடித்தவனும் அடிபட்டவனும் அரை மணியில் ஒரே தட்டில் சாப்பிடுகிற வீட்டை நடத்தியவர் வேறு எப்படி நினைப்பார்?

"கால ஒடச்சிட்டு உப்பு கேக்குறியாப்பா?" என்றான் பெரியண்ணன், வீங்கின வாயோடு. "கடையில ஒரு படி வாங்கினு வந்து வெச்சிட்டு நெல்ல மூட்ட கட்டலாம்."

அப்பா அவனைச் சாட்டையால் விளாசினார். நாற்பது வயசுக்காரன், மூன்று பிள்ளை பெற்றவன், களத்தைச் சுற்றி ஓடினான். அதைப் பார்த்த பிறகு கடை உப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. மூன்று நாள் இருபத்தாறு பேரும் அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். மழை திரும்பி வந்தது. போர்த்தின கீற்று ஒழுகி, நெல் சூடேறி, ஓரத்தில் முளை விட்டது. உங்கள் காலை ஒடித்துக் காப்பாற்றின நெல்.

நாலாம் நாள் அக்கா வந்தாள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு, இடுப்பில் பித்தளைக் குடத்தோடு, மரக்காணத்திலிருந்து நடந்தே வந்திருந்தாள்.

"உப்பு வர்லன்னு உக்காந்துனு இருக்கீங்களாமே," என்றாள் அப்பாவிடம். "கொண்டாந்துட்டேன். கரஞ்சிபோய் இருக்குது, அவ்ளோதான்."

குடத்துத் தண்ணீர் முழுவதையும் குவியலின் தலையில் ஊற்றினாள். அப்பா சாட்டையை ஓங்கினார். "அடிங்க," என்று நின்றாள், "பழக்கந்தானே." கை இறங்கவில்லை. வெறும் குடத்தை அவர் காலடியில் வீசிவிட்டு, என்னை ஒருமுறை முழுசாகப் பார்த்துவிட்டுப் போனாள். நெல்லை மாட்டுக்குப் போட்டோம். தைக்குள் ஒரே உலை ஆறு உலையானது.

அடுத்த அறுப்புக்கு நீங்கள் வந்தீர்கள். வண்டியிலிருந்து மூட்டையை இறக்கச் சொல்லி, காலை இழுத்துக்கொண்டு, ஒரு தடியை ஊன்றி வாசலுக்கு வந்தீர்கள். மூன்று வளையத்தைப் பார்த்ததும் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். சேற்றிலிருந்து அதை யார் எடுத்தது, நீங்களா அக்காவா, இன்றுவரை எனக்குத் தெரியாது. "உள்ள வாங்க மாப்ள," என்று அப்பா குழைந்தார். "உப்பு வெச்சிட்டேன், நெல்ல எடுங்க," என்று திரும்பிவிட்டீர்கள். பிறகு எங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. வருவதையும் நிறுத்தவில்லை. அப்பா செத்தும் வந்தீர்கள், வீடு என் பங்குக்கு வந்த பிறகும் வந்தீர்கள், அக்கா இறந்த வருஷமும் வந்தீர்கள். நீங்கள் வரும் நாள் தெரிந்தால் நான் மோட்டார் கொட்டகையில் போய் ஒளிந்துகொள்வேன். ஒரே ஒரு முறை மாட்டிக்கொண்டு, "வாங்க மாமா," என்றேன். தடியைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டி, "காம்பு நல்லா ஒழைக்குது," என்றீர்கள்.

எனக்கு உங்கள்மேல் கோபம் உண்டு, மாமா. என்னைப் போலீசில் கொடுத்திருக்கலாம். ஆள் வைத்து அடித்திருக்கலாம். வருஷத்துக்கு ஒருமுறை அந்தத் தடியைக் கொண்டுவந்து என் வாசலில் ஊன்றிக் காட்டினீர்களே, அது எந்த அடியில் சேர்த்தி?

இரண்டு நாளாகக் களத்தில் நெல் கிடந்தது. மிஷின் அறுத்துக் கொட்டின நெல். "கெழக்க கறுத்துனு வர்து, உப்ப எடுத்து உள்ள வெய்யேம்பா," என்று என் மகன் கத்தினான். என்னால் மூட்டையைத் தொட முடியவில்லை. நான்தான் குடுத்தேன் என்று உங்கள் மகனிடம் சொன்னதுதான் திரும்பத் திரும்பக் காதில் கேட்டது. இன்று காலை தடியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மெயின் ரோட்டில் இறங்கி அளத்துக் கரையில் நடந்தேன். பாதி தூரத்தில் என் முட்டி மடங்கியது. எனக்கும் வயசாகிவிட்டது. வேறு வழியில்லாமல் அதையே ஊன்றினேன்.

உங்கள் மகன் அம்பாரத்துக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தான். நின்றபடியே சொன்னேன். கரை, அம்பாரம், முதல் அடி, நீங்கள் என்னைக் கூப்பிட்டது, இரண்டாவது அடி. ஒன்றையும் விடவில்லை. "வண்டியிலேந்து வுழுந்தேன்னு சொல்வாரே," என்றான் மெதுவாக. "இல்ல," என்றேன்.

கன்னத்தில் அறைந்தான். கையில் உப்புப் பொருக்கு ஒட்டியிருந்தது, காது அடைத்துப் போயிற்று. கரையில் மல்லாந்து விழுந்தேன். நீங்கள் விழுந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரம்தான் இருக்கும். அளத்து ஆட்கள் ஓடி வந்தார்கள்.

"ஒண்ணும் இல்ல," என்றான் அவர்களிடம். "மாமா வழுக்கி வுழுந்துட்டாரு."

அவர்கள் போனதும் என்னைத் தூக்கி நிறுத்தினான். சேற்றில் கிடந்த தடியை எடுத்து, தன் வேட்டியில் துடைத்து, என் கையில் வைத்தான். "நடங்க. மழ வர்து. நெல்ல உள்ள எடுங்க," என்றான். அவன் கண் என்னைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து உப்பை நானே இழுத்து உள்ளே வைத்தேன். மழைக்கு முன்னால் நெல் உள்ளே போய்விட்டது. கன்னம் ஏனென்று என் மகன் கேட்டான். வழுக்கி விழுந்தேன் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை, உட்காரச் சொல்லி அவனிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். காது இன்னும் அடைத்துத்தான் இருக்கிறது. உங்கள் தடி என் தொடைமேல் கிடக்கிறது. அது இல்லாமல் இனிமேல் எனக்கு எழுந்திருக்க வராது, மாமா.