பக்கிரியின் கண்

11.6.2024, செவ்வாய்
நேரு வீதிக் கடையில் சரக்கு இறங்கிய நாள். புடவைகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. வேலூர்ப் பக்கம் ஒரு ஆதரவற்றோர் காப்பகத்து அம்மாள். அங்கே இருப்பவர்களுக்கெல்லாம் ஆதார் எடுத்தார்களாம். ஒருவருடைய கண் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது என்று விண்ணப்பம் திரும்பி வந்ததாம். விலாசம் அரியாங்குப்பம். பெயர் பக்கிரி.

"உங்க வீட்டுக்காரர் உயிரோடதாம்மா இருக்காரு."

சரிங்க என்றேன். மிச்சப் புடவைகளையும் மடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

12.6
மகள் துர்கா அழுகிறாள். பெற்ற அப்பா, அழட்டும். எனக்கு ஒன்றும் வரவில்லை. பத்து வருஷம் முன்பு கொத்து வேலைக்குப் போனவர் திரும்பவே இல்லை. தேடி அலுத்து, கருமாதி செய்து, படத்துக்கு மாலையும் போட்டாயிற்று. வருஷா வருஷம் படையல் போடுகிறேன். இப்போது போய் யாரை அழைத்து வருவது?

14.6
தலைவலி. கடைக்குப் போனேன்.

15.6, சனி
காப்பகத்தில் அவரைப் பார்த்தோம். மொட்டைத் தலை, பல் இல்லை, எலும்பும் தோலும். பெயர் கேட்டால் சிரிக்கிறார்.

"அப்பாவாம்மா?" என்றாள் துர்கா.

தெரியலடி. நெஜமாவே தெரியல.

முன்பு ஆதார் எடுத்த அன்று நான் பக்கத்தில்தான் நின்றேன். சிமெண்ட் தின்ற விரல், ரேகை விழவில்லை. கண்ணை எடுத்தார்கள். சிமிட்டாதீங்க என்றால் வேண்டுமென்றே சிமிட்டினார். மெஷின் வைத்திருந்த பெண்ணுக்கே சிரிப்பு. அந்த மெஷின் ஒரே ஒருமுறை பார்த்தது, மறக்கவில்லை. இத்தனை வருஷம் குடித்தனம் செய்த நான்—?

"கண்ணு மாறாதும்மா. ஆனா நீங்க அவருதான்னு சொன்னாத்தான் அனுப்புவோம்" என்றார் காப்பகத்து அம்மாள்.

இல்லை என்று சொல்லிவிட்டு பஸ் ஏறியிருக்கலாம். அவர்தான் என்றேன். யாரோ பேசுவது போல இருந்தது.

22.6
சாப்பிடச் சொன்னால் சாப்பிடுகிறார். படுக்கச் சொன்னால் படுக்கிறார். என்னை அம்மா என்கிறார், துர்காவையும் அம்மா என்கிறார். பொட்டு வைத்துக்கொள் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். வைத்தேன். உடனே அழித்துவிட்டேன்.

30.6, ஞாயிறு
அப்பா படத்தைக் கழற்றும்மா என்று துர்கா தினமும் சொல்கிறாள். நான்தான் கழற்றவில்லை. இன்று காலை குளித்துவிட்டு வந்தவர் நேராக அந்தப் படத்தின் முன்னால் போய் நின்றார். கை கூப்பிக் கும்பிட்டார்.

"யாரும்மா இவரு?"

"எங்க வீட்டுக்காரர்."

"பாவம். சின்ன வயசு."

ஆமாங்க என்றேன். அவரை உட்காரவைத்து இட்லி எடுத்து வைத்தேன். படம் அங்கேயே இருக்கட்டும்.